புதுச்சேரியில் பிறந்த பாட்டு... பொதுச்சொத்து ஆன கதை!

புதுச்சேரிக்குச் சுற்றுலா கிளம்புகிறவர்களிடம் ஒரு பட்டியல் இருக்கும். கடற்கரைச் சாலை, மணக்குள விநாயகர், ஆசிரமம், ஆரோவில். பலரும் அதில் சேர்க்க மறந்துவிடும் ஓர் இடம், ஈசுவரன் தர்மராஜா கோயில் வீதியில் இருக்கும் பாரதியார் வீடு. இன்று அது நினைவு அருங்காட்சியகம். பிரிட்டிஷ் போலீஸின் கைக்கு எட்டாமல், பிரெஞ்சுக்காரர்களின் ஊரில் 1908 முதல் 1918 வரை பத்து ஆண்டுகள் தங்கியிருந்தார் பாரதி. ‘பாஞ்சாலி சபதம்’, ‘குயில் பாட்டு’, ‘கண்ணன் பாட்டு’ என்று அவருடைய பெரிய படைப்புகள் பிறந்தது இந்த ஊரில்தான்.

அந்தப் பாட்டுகளை இன்று யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். பள்ளி ஆண்டு விழாவில் பாடலாம், சினிமாவில் சேர்க்கலாம், ரிங்டோனாக வைத்துக்கொள்ளலாம். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். ஒரு பைசா தர வேண்டாம்.

ஆனால், எப்போதும் இப்படி இருக்கவில்லை. பாரதி எழுதிய பாட்டைப் படத்தில் பாட வேண்டும் என்றால் ஒரு சினிமா அதிபரிடம் போய் நிற்க வேண்டிய காலம் ஒன்று இருந்தது. அவருக்கு அந்த உரிமையை விற்றவர் ஒரு நகை வியாபாரி. அந்த நிலை எப்படி வந்தது, எப்படி மாறியது என்பது, ‘எழுதியது யாருக்குச் சொந்தம்?’ என்ற கேள்விக்குத் தமிழர்கள் தேடிய பதிலின் கதை.

சுவடிக்கு ஏது காப்பிரைட்?

ஓலைச்சுவடி காலத்தில் இந்தக் கேள்வியே பெரிதாக எழவில்லை. புலவர் பாடினார், வள்ளலோ மடமோ அரசவையோ பரிசு கொடுத்தது. பாட்டு பிடித்தவர் சுவடியை இரவல் வாங்கி, எழுத்தாணியால் வரி வரியாகக் கீறிப் படி எடுத்துக்கொண்டார். அது மாதக்கணக்கில் பிடிக்கும் வேலை. ‘என் நூலை நகல் எடுக்காதே’ என்று எந்தப் புலவரும் சண்டை போடவில்லை. சுவடியைக் கறையான் அரித்துவிடும் என்பதால், நகல் எடுத்தவரால்தான் நூலே பிழைத்தது.

அச்சு இயந்திரம் வந்ததும் கணக்கு மாறியது. ஒரு நூலை முதலில் அச்சிடுகிறவர் எழுத்தாளருக்குப் பணம் தர வேண்டும். பிழை திருத்த வேண்டும். எழுத்துக் கோக்க வேண்டும். பக்கத்துத் தெருவில் இருப்பவர் அதையே அப்படியே பார்த்து அச்சிட்டுப் பாதி விலைக்கு விற்றால்? முதலாமவருக்கு நஷ்டம், எழுத்தாளருக்கோ எதுவும் இல்லை. சட்டம் தேவைப்பட்டது இங்கேதான்.

லண்டனில் ஒரு ராணி

எழுத்தாளரை மையமாக வைத்த முதல் சட்டம் என்று உலகம் கொண்டாடுவது, இங்கிலாந்தில் 1710இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தை. அப்போது அரசாண்டவர் ஆன் ராணி. அதனால் ‘ஆன் ராணி சட்டம்’ என்றே அதற்குப் பெயர்.

அதற்கு முன்பு லண்டனில் புத்தக வியாபாரிகளின் சங்கம்தான் எல்லாம். யார் எதை அச்சிடலாம் என்பதை அந்தச் சங்கத்தின் பதிவேடு முடிவு செய்தது. அரசுக்கும் அது வசதி; பிடிக்காத புத்தகத்தைத் தடுக்க ஒரு வாசல் போதும். எழுத்தாளர் ஒரு தொகையை வாங்கிக்கொண்டு கையெழுத்துப் படியைக் கொடுத்துவிட்டால், அதன்பின் அவருக்கும் நூலுக்கும் தொடர்பு இல்லை.

ஆன் ராணி சட்டம் இரண்டு புதிய விஷயங்களைச் சொன்னது. ஒன்று, உரிமை முதலில் எழுதியவருக்கு. இரண்டு, அந்த உரிமைக்கு ஒரு கால எல்லை உண்டு. புதிய நூலுக்கு 14 ஆண்டுகள். அதற்குப் பிறகும் எழுத்தாளர் உயிரோடு இருந்தால் இன்னொரு 14 ஆண்டுகள். அதன்பின் நூல் எல்லோருக்கும் பொது.

வியாபாரிகள் சும்மா இருக்கவில்லை. ‘வீடு, நிலம் மாதிரி இதுவும் எங்களுக்கு நிரந்தரச் சொத்து’ என்று பல ஆண்டுகள் வழக்காடினார்கள். 1774இல் பிரபுக்கள் சபை அந்த வாதத்தை நிராகரித்தது. நூல் என்றைக்காவது ஒருநாள் பொதுமக்களுக்கு வந்தே தீர வேண்டும் என்ற எண்ணம் அன்று உறுதிப்பட்டது. இந்தக் கதையின் கடைசிவரை அந்த எண்ணம் கூடவே வரும்.

பாரிஸில் ஒரு நாடகக்காரர்

புதுச்சேரியை ஆண்ட பிரான்ஸில் கதை வேறு மாதிரி. அங்கே சண்டையைத் தொடங்கி வைத்தவர் நாடக ஆசிரியர் பொமார்ஷே. பாரிஸின் பெரிய நாடகக் கம்பெனி வசூலில் எழுத்தாளர்களுக்குச் சரியான பங்கு தருவதில்லை என்று கொதித்த அவர், 1777இல் சக நாடக ஆசிரியர்களைக் கூட்டி ஒரு சங்கம் அமைத்தார்.

பிரெஞ்சுப் புரட்சி அந்தக் குரலைச் சட்டமாக்கியது. நாடகங்களுக்கு 1791இல், நூல்களுக்கும் இசைக்கும் ஓவியத்துக்கும் 1793இல். எழுதியவரின் வாழ்நாள் முழுவதும் உரிமை அவருக்கு. இறந்த பின் 10 ஆண்டுகள் அவருடைய வாரிசுகளுக்கு. இது 1866இல் 50 ஆண்டுகளாக நீண்டது.

ஆங்கிலேயர் இதை ‘நகலெடுக்கும் உரிமை’ என்றார்கள். பிரெஞ்சுக்காரர்கள் ‘ஆசிரியரின் உரிமை’ என்றார்கள். பெயரிலேயே வித்தியாசம் தெரிகிறது. ஒருவர் கண் புத்தகத்தின் மேல், இன்னொருவர் கண் எழுதிய மனிதர் மேல்.

நாவலாசிரியர் விக்தோர் யூகோ 1878இல் உலக எழுத்தாளர்களைப் பாரிஸில் கூட்டினார். அந்த முயற்சி 1886இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரத்தில் ஓர் உடன்படிக்கையாக முடிந்தது. ஒரு நாட்டு எழுத்தாளரின் நூலை மற்ற நாடுகளும் மதித்துப் பாதுகாக்க வேண்டும் என்பது அதன் சாரம். பிரான்ஸ், பிரிட்டன் இரண்டும் அதில் தொடக்கத்திலேயே கையெழுத்திட்டன.

நம்ம ஊருக்கு வந்த சட்டம்

இந்தியர்கள் தடையின்றி அச்சகம் நடத்த 1835இல்தான் வழி திறந்தது. அடுத்த 12 ஆண்டுகளில் பதிப்புரிமைச் சட்டமும் வந்துவிட்டது. கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியில் 1847இல் போடப்பட்ட சட்டம் அது. எழுத்தாளரின் வாழ்நாளும் அவர் மறைந்த பின் 7 ஆண்டுகளும், அல்லது நூல் வெளியானதிலிருந்து 42 ஆண்டுகள். இரண்டில் எது அதிகமோ அதுவரை உரிமை நீடிக்கும்.

பிறகு, பிரிட்டனின் 1911ஆம் ஆண்டுச் சட்டத்தை ஒட்டி இந்தியாவில் 1914இல் புதிய சட்டம் வந்தது. வாழ்நாளுக்குப் பிறகு 50 ஆண்டுகள் என்று காலம் நீண்டது. 1921இல் மறைந்த பாரதியின் எழுத்துக்குப் பொருந்தியது இந்தச் சட்டம்தான். அவர் இருந்தபோதே அச்சான நூல்களுக்கு இந்தக் கணக்குப்படி 1971 வரை காவல் உண்டு. அந்தக் காவலே பின்னால் சிக்கலும் ஆனது.

சட்டத்தின் இன்னொரு முகம்

பாரதிக்குச் சட்டம் முதலில் காட்டியது காவல் முகத்தை அல்ல, கெடுபிடி முகத்தை.

அவர் ‘இந்தியா’ பத்திரிகையைப் புதுச்சேரியிலிருந்து நடத்தினார். அது பிரிட்டிஷ் எல்லைக்குள் நுழையாமல் அரசு தடுத்தது. 1910இல் பத்திரிகை நின்றது. ‘கனவு’, ‘ஆறில் ஒரு பங்கு’ ஆகிய இரண்டு நூல்களை 1911இல் சென்னை அரசு தடை செய்தது. அரசு மனது வைத்தால் எழுத்து ஒரு சொத்து; மனம் மாறினால் பறிமுதல் செய்ய வேண்டிய பொருள்!

வருமானம் அடைபட்டது. வீட்டில் மனைவி செல்லம்மாள், தங்கம்மாள், சகுந்தலா என்று இரண்டு பெண் குழந்தைகள். நண்பர்கள் கை கொடுத்துத்தான் அந்தப் பத்து ஆண்டுகள் ஓடின.

ஆனாலும், தன் எழுத்து ஊரெங்கும் போய்ச் சேரும் என்ற நம்பிக்கை அவருக்குக் குறையவே இல்லை. புதுச்சேரிக்கு வருவதற்கு முன்பே அதற்கு ஒரு ருசி கண்டிருந்தார். அரசியலில் நேர் எதிர்த் தரப்பில் இருந்த வழக்கறிஞர் வி.கிருஷ்ணசாமி ஐயர், 1907இல் பாரதியின் பாட்டுகளைக் கேட்டு உருகி, 15,000 பிரதிகள் அச்சிட்டு இலவசமாக வழங்கினார்.

1920இல், கடையத்தில் இருந்தபோது, ஒரு பெரிய திட்டமே போட்டார் பாரதி. தன் எழுத்துகளை 40 நூல்களாக்குவது, ஒவ்வொன்றும் 10,000 பிரதி அச்சிடுவது, அதற்கு நண்பர்களிடம் கடன் திரட்டுவது. மொத்தம் 4 லட்சம் பிரதிகள்! வீட்டுக்கு வீடு தீப்பெட்டி, மண்ணெண்ணெய் வாங்குவது போலத் தன் புத்தகங்களை வாங்குவார்கள் என்று அவர் நம்பினார். திட்டம் நடக்கவில்லை. அடுத்த ஆண்டு செப்டம்பரில் திருவல்லிக்கேணியில் பாரதி மறைந்தார். அப்போது வயது 39கூட நிறையவில்லை.

செல்லம்மாள் கையில் மிஞ்சியது

நிலமில்லை, நகையில்லை. செல்லம்மாளுக்கு மிஞ்சிய ஆஸ்தி, கணவர் எழுதிய தாள்களும் அவற்றின் மேலிருந்த உரிமையும்தான்.

அவர் முடங்கிவிடவில்லை. பாரதி ஆச்ரமம் என்ற பெயரில் 1922இல் பாரதியின் பாடல்களைத் தாமே வெளியிட்டார். ஆனால், புத்தகம் போடுவதும் விற்பதும் லேசான காரியம் இல்லை. முதல் வேண்டும், கடைகளில் பாக்கி வசூலிக்க ஆள் வேண்டும். கைம்பெண்ணாக அந்தக் காலத்தில் அவர் எப்படிச் சமாளித்திருப்பார்?

பாரதியின் தம்பி சி.விசுவநாதனும் நண்பர்களும் 1924இல் ‘பாரதி பிரசுராலயம்’ தொடங்கினார்கள். நூல்கள் ஒழுங்காக வெளிவரத் தொடங்கின. நடுவில் 1928இல் ‘சுதேச கீதங்கள்’ நூலை அரசு பறிமுதல் செய்ய, அது சென்னைச் சட்டசபையில் பெரிய விவாதமே ஆனது. அதையும் தாண்டிப் பிரசுராலயம் நின்றது. 1931இல் செல்லம்மாள் தரப்பு, பாரதி எழுத்துகளின் முழு உரிமையையும் 4,000 ரூபாய்க்குப் பிரசுராலயத்துக்கு எழுதிக் கொடுத்தது. பங்காளிகள் விலக, பின்னாளில் உரிமை விசுவநாதன் ஒருவர் கைக்கு வந்தது.

விசுவநாதனை வில்லனாகப் பார்க்கத் தேவையில்லை. கையெழுத்துப் படிகளைக் காத்தவர் அவர். நூல்கள் தொடர்ந்து கிடைக்கும்படி பார்த்துக்கொண்டவரும் அவர். ஆனால், மகாகவியின் எல்லா எழுத்துக்கும் ஒரே ஒரு சாவி. அது ஒரே ஒருவர் பையில் என்பதுதான் நிலைமை.

நகை வியாபாரி வாங்கிய பாட்டு

1930களில் பேசும் படம் வந்தது, கிராமபோன் வீட்டுக்கு வீடு பாடியது, ரேடியோ தலைகாட்டியது. பாட்டுக்கு ஒரு புதிய சந்தை உருவானதை முதலில் மோப்பம் பிடித்தவர், சென்னையில் நகை வியாபாரம் செய்த மேத்தா. பாரதி பாடல்களை ஒலிப்பதிவு செய்யும் உரிமையை மட்டும் தனியே பிரித்து, சில நூறு ரூபாய்க்கு அவர் வாங்கிக்கொண்டார்.

பதிப்புரிமையில் பலருக்குப் புரியாத நுட்பம் இது. அந்த உரிமை ஒற்றைக் கட்டி இல்லை. பலாப்பழம் மாதிரி, உள்ளே பல சுளைகள். புத்தகமாக அச்சிடுவது ஒரு சுளை, மொழிபெயர்ப்பது ஒரு சுளை, நாடகமாக்குவது ஒன்று, பாடிப் பதிவு செய்வது ஒன்று. தனித்தனியாக விற்கலாம். அன்று சின்னதாகத் தெரிந்த சுளைதான் பின்னால் பழத்தைவிடப் பெரிதானது.

1940களில் அந்த உரிமையை ஏவி.மெய்யப்பச் செட்டியார் மேத்தாவிடமிருந்து சுமார் 10 ஆயிரம் ரூபாய்க்கு வாங்கினார். 1947 ஜனவரியில், சுதந்திரத்துக்கு ஏழு மாதம் முன்பு, ஏவி.எம்மின் ‘நாம் இருவர்’ வெளியானது. டி.கே.பட்டம்மாளின் குரலில் பாரதி பாட்டுகள் தியேட்டரை நிறைத்தன. படம் பெரிய வெற்றி. புத்தகம் வாங்க முடியாத, படிக்கத் தெரியாத லட்சக்கணக்கானவர்களிடம் பாரதியைக் கொண்டு சேர்த்ததில் அந்தப் படத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

ஆனால், அடுத்தவர் அதே காரியத்தைச் செய்ய நினைத்தபோது சிக்கல் வெடித்தது.

‘பில்ஹணன்’ போட்ட வெடி

நாடக மேடையில் கொடி கட்டிப் பறந்த டி.கே.எஸ். சகோதரர்கள் 1948இல் ‘பில்ஹணன்’ படத்தில் பாரதி பாட்டைச் சேர்த்தார்கள். ஏவி.எம். தரப்பிலிருந்து நோட்டீஸ் வந்தது. சட்டப்படி அது சரிதான். பணம் கொடுத்து வாங்கிய உரிமை. ஆனால் டி.கே.சண்முகம் கேட்டது சட்டத்துக்கு வெளியே நின்ற கேள்வி: விடுதலைக்குப் பாடியவனின் பாட்டுக்கே விடுதலை இல்லையா?

கேள்வி பற்றிக்கொண்டது. எழுத்தாளர்கள் கூடி ‘பாரதி விடுதலைக் கழகம்’ அமைத்தார்கள். அதில் முன்னே நின்றவர்களில் ஒருவர் வ.ரா. புதுச்சேரியில் பாரதியோடு கூடவே இருந்து பழகியவர் அவர். நாரண துரைக்கண்ணன், திருலோக சீதாராம், அ.சீனிவாசராகவன், வல்லிக்கண்ணன் என்று அணி பெருகியது. பொதுவுடைமைத் தலைவர் ப.ஜீவானந்தத்தின் குரலும் சேர்ந்தது. கோரிக்கை ஒன்றுதான். பாரதியின் எழுத்தை அரசு வாங்கி மக்களுக்குத் தர வேண்டும்.

இங்கே ஒரு தர்மசங்கடமும் இருந்தது. எழுத்து மக்களுக்கு என்று முழங்குவது சுலபம். எழுதியவரின் மனைவிக்கு? வறுமையில் அவருக்குத் தோள் கொடுத்தவருக்கு? கழகத்தார் இதை மறக்கவில்லை. திருநெல்வேலிக்கே போய்ச் செல்லம்மாளைச் சந்தித்து, அவருடைய சம்மதத்தை எழுத்தில் வாங்கி வந்தார்கள். பாட்டை விடுவிக்க வேண்டும் என்று அந்த அம்மாளே சொன்னபின், கோரிக்கைக்குத் தனி பலம் வந்தது.

அரசு எடுத்த முடிவு

அப்போது சென்னை மாகாணத்தின் முதல்வர் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார். கல்வி அமைச்சர் தி.சு.அவினாசிலிங்கம் செட்டியார். பாரதி நூல்களின் உரிமையை அரசு ஏற்கும் என்று 1949 மார்ச்சில் அறிவிப்பு வந்தது.

பெரிய தொகை கொடுத்து வாங்கியிருந்த ஏவி.எம்., தன்னிடமிருந்த ஒலிப்பதிவு உரிமையைப் பைசா வாங்காமல் அரசிடம் ஒப்படைத்தார். விசுவநாதனுக்கு அரசு 15,000 ரூபாய் வழங்கியது. சட்டப்படி உரிமையை எப்போதோ விற்றுவிட்ட குடும்பத்தையும் அரசு கைவிடவில்லை. செல்லம்மாள், தங்கம்மாள், சகுந்தலா மூவருக்கும் தலா 5,000 ரூபாய்.

அடுத்த சில ஆண்டுகளில் அரசே பாரதி நூல்களைப் பதிப்பித்தது. பிறகு, யார் வேண்டுமானாலும் வெளியிடலாம் என்று கதவை முழுவதும் திறந்துவிட்டது. மலிவுப் பதிப்புகள் பெருகின. பாரதி கனவு கண்ட தீப்பெட்டிக் கணக்கு நிஜமானது அதன்பின்தான். 1971 வரை காத்திருக்காமல், ஒரு தலைமுறை முன்னதாகவே பாரதி தமிழர் எல்லோருக்கும் கிடைத்தார்.

ஒப்பிட்டுப் பார்க்க வங்கத்துக்குப் போகலாம். ரவீந்திரநாத் தாகூர் மறைந்தது 1941இல். 50 ஆண்டுக் கணக்கில் 1991 முடிவில் அவர் எழுத்து பொதுவுக்கு வந்திருக்க வேண்டும். உரிமை வைத்திருந்தது அவர் நிறுவிய விசுவபாரதி. அந்த நேரத்தில் நாடு முழுமைக்கும் சட்டம் திருத்தப்பட்டு, 50 ஆண்டு 60 ஆண்டானது. தாகூர் பொதுவுக்கு வர இன்னும் 10 ஆண்டு பிடித்தது. ஒரு கவிக்காகச் சட்டம் நீண்டது. இன்னொரு கவிக்காகச் சட்டத்தின் காலம் முடியும் முன்பே கதவு திறந்தது. இரண்டும் நம் நாட்டில்தான்.

பெருமாள் கோயில் வீதியின் பிள்ளை

பாரதியைக் குருவாக ஏற்று, பெயரையே பாரதிதாசன் என்று வைத்துக்கொண்டவர் கனக.சுப்புரத்தினம். அசல் புதுச்சேரிக்காரர். பெருமாள் கோயில் வீதியில் அவர் வாழ்ந்த வீடு இன்று அருங்காட்சியகம்.

பாவேந்தர் மறைந்தது 1964 ஏப்ரலில். இன்றைய சட்டத்தின் 60 ஆண்டுக் கணக்கு, மறைந்த ஆண்டுக்கு அடுத்த ஜனவரியில் தொடங்கும். அப்படிப் பார்த்தால் அவர் நூல்களுக்கு 2024 டிசம்பர் வரை காவல் இருந்திருக்கும். ஆனால் தமிழ்நாடு அரசு 1990இலேயே அவற்றை நாட்டுடைமை ஆக்கிவிட்டது.

பாரதிக்காகத் திறந்த வழி, இப்படித் தமிழ்நாட்டில் ஒரு வழக்கமாகவே ஆனது. எழுத்தாளரின் குடும்பத்துக்குப் பரிவுத்தொகை கொடுத்து, நூல்களை நாட்டுடைமை ஆக்குகிறது அரசு. இப்படி 150க்கும் மேற்பட்ட எழுத்தாளர்களின் நூல்கள் பொதுவுக்கு வந்திருக்கின்றன. பல நூல்களைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் செல்போனிலேயே இலவசமாகப் படிக்கலாம்.

செல்போன் காலத்தில் நாம்

‘சரி, இதெல்லாம் பழங்கதை, எனக்கென்ன?’ என்று கேட்டால், கையிலிருக்கும் போனைப் பாருங்கள். அன்று அச்சகம் வைத்திருந்தவர் மட்டும் நகல் எடுக்க முடிந்தது. இன்று ஒவ்வொருவர் கையிலும் ஓர் அச்சகம். எனவே, சில விஷயங்களை வீட்டில் எல்லோரும் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

இந்தியாவில் இப்போது நடப்பில் இருப்பது 1957ஆம் ஆண்டுச் சட்டம். கதை, கவிதை, கட்டுரைக்கு எழுதியவரின் வாழ்நாளும் அதன்பின் 60 ஆண்டுகளும் பாதுகாப்பு.

பதிவு செய்தால்தான் உரிமை என்பது தவறான எண்ணம். எழுதி முடித்த கணமே உரிமை உங்களுடையது. பதிவு ஒரு சாட்சி மட்டுமே. பத்தாம் வகுப்புப் பிள்ளை நோட்டில் எழுதிய கவிதைக்கும் இது பொருந்தும்.

வாட்ஸ்அப் குழுவில் சுற்றும் நாவல் பி.டி.எஃப்., உயிரோடு இருக்கும் எழுத்தாளருடையதா என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். ‘இலவசமாகத்தானே பகிர்கிறேன்’ என்பது சட்டத்தின் முன் பதில் ஆகாது. சொந்தப் படிப்புக்கும் ஆய்வுக்கும் விமர்சனத்துக்கும் நியாயமான அளவு எடுத்தாள்வதைச் சட்டம் அனுமதிக்கிறது. முழுப் புத்தகத்தை நூறு பேருக்கு அனுப்புவது அந்த அளவில் சேராது.

நாட்டுடைமை ஆன நூலிலும் ஒரு மரியாதை பாக்கி இருக்கிறது. பாட்டைப் பகிரலாம், பெயரை வெட்டக் கூடாது. பாரதி எழுதாத வரிகளை அவர் தலையில் கட்டுவதும், பாவேந்தர் வரியைப் ‘படித்ததில் பிடித்தது’ என்று அனாதையாக அனுப்புவதும் அன்றாடம் நடக்கின்றன. உரிமையை விற்றுவிட்ட எழுத்தாளருக்குக்கூட, ‘இது நான் எழுதியது’ என்று சொல்லும் உரிமையையும், எழுத்தைச் சிதைத்தால் தட்டிக்கேட்கும் உரிமையையும் நம் சட்டம் விட்டுவைக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் வளர்த்தெடுத்த ‘ஆசிரியரின் உரிமை’ என்ற எண்ணத்தின் சாயல் இது.

வீட்டில் இளம் எழுத்தாளரோ பாடலாசிரியரோ இருந்தால் இதையும் சொல்லிவையுங்கள். உரிமையை எழுதிக் கொடுக்கும் ஒப்பந்தம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். எத்தனை காலம் என்று ஒப்பந்தத்தில் குறிப்பிடவில்லை என்றால் 5 ஆண்டுகள் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். எந்த நாட்டுக்கு என்று சொல்லவில்லை என்றால் இந்தியாவுக்கு மட்டும். சினிமாவுக்கு எழுதிய பாட்டு மற்ற இடங்களில் ஒலிக்கும்போது பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் ராயல்டியில் பங்கு உண்டு என்பதை 2012ஆம் ஆண்டுத் திருத்தம் உறுதி செய்தது. பலாப்பழத்தில் எந்தச் சுளையைக் கொடுக்கிறோம், எதை வைத்துக்கொள்கிறோம் என்று பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

1931இல் செல்லம்மாளுக்கு இப்படி எடுத்துச் சொல்ல ஒரு சட்டமும் இல்லை. சினிமா என்ற புதையல் வரப்போகிறது என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவும் முடியாது. பாட்டு பலருக்குப் பணமானது. எழுதியவர் வீட்டுக்கு அதில் வந்தது கொஞ்சம்தான். இருந்தும், ‘எல்லோருக்கும் கொடுங்கள்’ என்று சொல்லக் கேட்டபோது, அந்த அம்மாள் தயங்கவில்லை.

பாரதி பாட்டு இன்று இலவசம் என்றால், அதற்கான விலையை முதலில் கொடுத்தவர் அவர்தான்.